எண்ணெய் தேய்த்த பட்டாளம்

நல்லெண்ணெய் வாடை அடித்தால் போதும், கட்டைவிரல் உயரமே உள்ள, ஈட்டி பிடித்த என் பாளையக்காரர் பட்டாளம் கண்முன் வந்து நிற்கிறது.

அண்ணன் ராணுவத்தில் இருக்கிறான். ஒவ்வொரு லீவிலும் அவன் கிளம்பும் நாளில் சாப்பாட்டு மேசையில் எங்களுக்கு ஒரு யுத்தம். பகடை உருட்டி, அளவுகோல் வைத்து நகர்த்தி, பொம்மைச் சிப்பாய்களால் நடத்துவது. அவன் பக்கம் வெள்ளைக்காரக் கம்பெனிப் படை, என் பக்கம் பாளையக்காரர்கள். பெயின்ட் அடிக்காத ஆள் மேசையில் இறங்கக் கூடாது என்பது எங்கள் சட்டம். இதுவரை அவன் பூசிக் கொடுத்தவர்களை வைத்துத்தான் மோதினேன். இந்த முறை முழுப் படையும் என் தூரிகை.

ஓரிடத்தில் உட்காரத் தெரியாதவள் நான். கவிதையைக்கூட நடந்தபடி எழுதுகிறவள். என் சிப்பாய்களின் மேனி நிறத்துக்காக உட்கார்ந்தேன். டப்பாவில் வரும் நிறம் எதுவும் நம் ஆளாக இல்லை. வெயில் தின்ற என் முழங்கையை ஒத்துப் பார்த்து, கறுப்பின் மேல் பழுப்பு, பழுப்பின் மேல் செம்மண் என்று ஏற்றினேன்.

கடைசிப் பூச்சு வார்னிஷ். அண்ணன் மாலை ரயிலுக்குப் போகவேண்டிய நாள் காலையில் மொட்டைமாடியில் வைத்துத் தெளித்தேன். ஈரக்காற்றில் தெளித்தால் வெளுத்துவிடும் என்று தெரியும். ஆனால் தென்காசிச் சாரலை யார் இங்கே ஈரம் என்று நினைக்கிறார்கள்? காய்ந்ததும் பார்த்தேன். ஒவ்வொரு மேனியிலும் வெள்ளை பூத்திருந்தது.

அண்ணன் எட்டிப் பார்த்தான்.

"ஏட்டி, உன் ஆளுவளும் வெள்ளக்காரனா மாறிட்டானுவளா? பெறவு என்னத்துக்கு சண்ட? கை குலுக்கிட்டுப் போயிருவோம்."

"மத்தியானம் மேசையில நிப்பானுவ. நீ பாரு."

"நிக்கட்டும், நிக்கட்டும். இப்ப குளிக்க வா."

ஐந்தருவியில் இறங்குமுன் காலுக்கு எண்ணெய் தடவினேன். வறண்டு சாம்பல் பூத்திருந்த கணுக்கால், ஒரே தேய்ப்பில் கறுத்து மினுங்கியது. என் தோல்தானே மேசைச் சிப்பாய்களுக்கும்! குளித்ததும் ஈரத்தலையோடு, வீட்டுக்கு வண்டியை விரட்டச் சொன்னேன் அண்ணனை.

தூரிகை நுனியில் ஒரு சொட்டு நல்லெண்ணெய். முதல் ஈட்டிக்காரனின் மார்பில் தடவினேன். வெள்ளை கரைந்தது. அடியில் கிடந்த பழுப்பும் செம்மண்ணும் வெயிலும் எழுந்து வந்தன. அருவிக்கரையில் தேய்த்துவிடுகிறவர்களைப்போல ஒவ்வொருவனாகத் தேய்த்துவிட்டேன்.

மதியம் மேசையில் நின்றார்கள். அண்ணன் பகடையை உருட்ட மறந்து, குனிந்து, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தான். யுத்தத்தில் ஜெயித்தது அவன்தான். ஜெயித்தவள் போல நடமாடியது நான்.

தென்காசி ஸ்டேஷனில் ரயில் நகர்ந்தபோது கதவருகே நின்று கத்தினான்:

"ஏட்டி, என் ஆளுவ உன் ஆளுவ முன்னால நிக்க வெக்கப்படுதானுவ. அடுத்த லீவுக்குள்ள அவனுவளுக்கும் நீயே பெயின்ட் அடிச்சு வையி!"