அப்பாவின் நீலச் சட்டை

ஆய்வுகூடத்தில் மாணவி ஒருத்தி குளோரின் தூளைத் திறந்தாள். அந்த நெடி ஏறியதும் நான் ஒன்பது வயதுக்குப் போய்விட்டேன்.

கடல் எங்கள் துறைமுகத்தடித் தெருவுக்குள் வந்து வடிந்த வாரம் அது. கிணறுகளுக்குக் குளோரின் போட்டவர்கள் வீட்டுக்கொரு பொட்டலம் தந்து, எல்லாவற்றையும் கழுவச் சொன்னார்கள். அலுமாரியின் மேல்தட்டில் நனையாமல் தப்பியிருந்தது அப்பாவின் நீலச் சட்டை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது விசாரணைக்கென்று கூட்டிப்போகப்பட்ட அப்பா திரும்பவேயில்லை. அதற்குப் பிறகு அம்மா அந்தச் சட்டையைத் தோய்த்ததேயில்லை. நான் உதவி செய்வதாக நினைத்து, வாளியில் முழுப் பொட்டலத்தையும் கொட்டி ஊறவைத்தேன். சட்டை வெளிறி வந்தது.

"ஆரடி தோய்ச்சது?"

"நான்தான் அம்மா. கொலரெல்லாம் ஊத்தை."

அம்மா சட்டையை முகத்தில் வைத்து மணந்தார்.

"அது ஊத்தையில்லையடி. அதுதான் கொப்பர், உன்ர அப்பா."

குளோரின் ஓர் ஒட்சியேற்றி. அது மற்ற மூலக்கூறுகளிடமிருந்து இலத்திரனைப் பறிக்கும்; அழுக்கா, சாயமா, ஒருவருடைய வியர்வையா என்று பார்க்காது. இதைத்தான் இன்று கற்பிக்கிறேன்.

"டீச்சர், போன நிறத்தைத் திருப்பி எடுக்கேலுமா?"

"ஏலாது பிள்ளை."

சட்டை இன்னும் அம்மாவின் அலுமாரியில் இருக்கிறது. அவர் அதை இப்போது மணந்து பார்ப்பதில்லை.