சாயாத தடைகள்

என் அப்பா மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் வெல்டர். அவர் பற்றவைத்த எதுவும் ஆடாது. ஊரில் கேட் இறங்கினாலும், கரும்பு ஏற்றும் டிராக்டர் பெட்டி விட்டுப்போனாலும் எங்கள் வீட்டு வாசலுக்குத்தான் வரும். "நான் வச்ச ஒட்டு ஆடுச்சின்னா மறுநாளே வேலைய வுட்டுர்றேன்" என்பார். வெறும் வாய்ச்சவடால் இல்லை. அந்த உறுதிதான் என்னைக் கெடுத்தது என்றால் நன்றிகெட்டவன் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள்.

எனக்குத் தடை தாண்டும் ஓட்டத்தில் பைத்தியம் பிடித்தபோது எங்கள் பள்ளியில் ஒரு தடைகூடக் கிடையாது. விளையாட்டு வாத்தியார் கரும்பலகையில் படம் போட்டு, உயரத்தையும் இடைவெளியையும் எழுதித் தந்தார். அதை வாங்கிக்கொண்டு போன அப்பா, கரும்பு வெட்டித் தரிசாகக் கிடந்த எங்கள் கொல்லையில் ஒரு வரிசையே செய்து நிறுத்திவிட்டார். இரும்புக் குழாய். சும்மா நிறுத்தவில்லை. ஒவ்வொரு காலுக்கும் குழி தோண்டி, ஜல்லி போட்டு, கான்கிரீட் ஊற்றி நட்டார்.

"சும்மா வச்சா எவனாவது தூக்கினு போயிடுவான். ஆடு மாடு முட்டினாக்கூட அசையக் கூடாது."

ஆலைக்காரர்கள் வந்து ஆளுக்கொரு முறை தள்ளிப் பார்த்தார்கள். அசையவில்லை. அப்பாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அன்றிலிருந்து ஆயுத பூஜைக்குத் தடைகளுக்கும் விபூதிப் பட்டை, மாட்டுப் பொங்கலுக்கு மாட்டுக் கொம்போடு சேர்த்து அவற்றுக்கும் பெயின்ட்.

ஒருநாள் குழாயில் இடித்து முழங்காலுக்குக் கீழே அடி வாங்கினேன். எலும்பு தெரிந்தது. அதன்பிறகு நான் தடையைத் தாண்டும்போது தேவைக்கு மேல் ஒரு சாண் எழும்பினேன். யாரும் சொல்லித் தரவில்லை, கால் தானாகக் கற்றுக்கொண்டது. வேகம் இருந்ததால் மாவட்டத்தில் என்னை அடிக்க ஆளில்லை. சென்னையில் விளையாட்டு விடுதியில் இடம் கிடைத்தது.

அங்கே முதல் நாளே ஒருவன் தடையை இடித்தான். அது பொத்தென்று விழுந்தது. அவன் பாட்டுக்கு ஓடி முடித்தான். தோற்றுவிட்டான் என்று நினைத்தேன். அவன்தான் முதலாவது. தட்டினால் தப்பில்லை, தடையே விழுவதற்காகச் செய்ததுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. என்னை ஓடவிட்டுப் பார்த்த பயிற்சியாளர் சிரித்தார்.

"தம்பி, நீ ஹர்டில் தாண்டல. வேலி தாண்டுற."

காற்றில் இருக்கும் நேரம் வீண் நேரம். தொடை உரசுகிற அளவுக்குத் தாழ்ந்து போக வேண்டும். வருடக்கணக்கில் அவர் என்னை இறக்கிக்கொண்டே இருந்தார். நானும் இறங்கினேன். அதனால்தான் வெளிநாட்டுப் போட்டி வரைக்கும் போனேன். ஆனால் அப்பாவிடம் மட்டும் எதையும் சொல்லவில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் அந்தக் குழாய்கள் புதுப் பெயின்டோடு நிற்கும். எந்த வாயால் சொல்வது?

அந்தச் சர்வதேசப் போட்டி உள்ளரங்கில் நடந்தது. வெளியே பனி கொட்டியது. அறுபது மீட்டர், ஐந்து தடை, கண்மூடித் திறப்பதற்குள் முடிகிற ஓட்டம். நான் அதுவரை கூரைக்கு அடியில் ஓடியதில்லை. கோடு முடிந்த கொஞ்ச தூரத்திலேயே சுவர், அதில் மெத்தை சாய்த்திருந்தார்கள். துப்பாக்கிச் சத்தம் கூரையில் முட்டி என் தலைமேலேயே விழுந்தது. பயந்துவிட்டேன். பயந்த கால் பயிற்சியாளரை மறந்து கரும்புக் கொல்லைக்குப் போய்விட்டது. இரண்டு பக்கமும் தடைகள் தடதடவென்று விழுந்தன. நான் ஒன்றையும் தொடவில்லை. எல்லாவற்றுக்கும் மேலே அழகாகப் பறந்து, கடைசியாக வந்து சேர்ந்தேன்.

ஊரில் டீக்கடையில் அப்பாவும் ஆலைக்காரர்களும் போனில் பார்த்திருக்கிறார்கள். நான் வந்து இறங்கியதும் அப்பா கத்தினார்.

"ஜெயிச்சவனே ரெண்ட தள்ளிட்டான்டா! நீ ஒண்ணு கூட தட்டல. அவனுக்கு மெடலு, என் புள்ளைக்கு நாமமா? இன்னா நாயம் இது?"

"வுடுப்பா" என்றேன். எனக்குப் பெருந்தன்மை என்று ஊர் பேசிக்கொண்டது. சங்கராபுரம் பஸ்ஸில் கண்டக்டர்கூட, "ஏமாத்திட்டானுங்களே சார்" என்றார். டிக்கெட்டை வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா அந்த ஆத்திரத்தில் தெம்பாகத்தான் இருந்தார். உண்மை தெரிந்துவிட்டால் என்ன ஆவார் என்பதுதான் என் பயம்.

கரியாலூரில் மலைப் பள்ளிகளுக்கு விளையாட்டு விழா. என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். நான் வேண்டாமென்றும் கேட்காமல் அப்பா பைக்கில் ஏறிக்கொண்டார். மலைப்பாதை வளைவுகளில் என் தோளைப் பிடித்துக்கொண்டே வந்தார்.

மைதானத்தில் மலை மஞ்சு மூட்டமாக இறங்கியிருந்தது. ஒரு மாணவி கைக்கு ஒன்றாக இரண்டு தடைகளைத் தூக்கிக்கொண்டு போய் வைத்தாள். அப்பா அவளையே பார்த்தார். பிறகு போய் ஒரு தடையை விரலால் தள்ளினார். விழுந்தது. நிமிர்த்தி வைத்தார். மறுபடியும் தள்ளினார். குத்துக்காலிட்டு உட்கார்ந்து அடிப்பாகத்தைத் தடவினார்.

"பாதம் ஓடியாரவன் பக்கமா நீட்டிக்கினு இருக்கு. அந்தாண்ட ஒண்ணுமே இல்ல. முட்டினா வுழட்டும்னே செஞ்சிருக்கான்."

நான் அந்தத் தடையை நிமிர்த்தி வைத்தேன்.

"உனுக்குத் தெரியுமா?"

"தெரியும்ப்பா."

"எப்பத்திலிருந்து?"

"விடுதிக்குப் போன மொத நாள்லேருந்து."

திரும்பும்போது அவர் என் தோளைப் பிடிக்கவில்லை. பின்னால் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டார். பாதி மலையில் நிறுத்தச் சொன்னார். ஓரமாக நின்று கீழே வயல்களைப் பார்த்தார்.

"அப்ப உன்ன தோக்கடிச்சது நான்தானா?"

"இல்லப்பா. நீ நட்டதாலதான நான் ஓடவே ஆரம்பிச்சேன்" என்றேன். சத்தியமாக அது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலுமில்லை. அது அவருக்கும் தெரிந்தது. போட்டியில் தோற்றதைவிட அந்த நிமிடம் அதிகமாக வலித்தது.

அந்த வாரமே கேஸ் கட்டர் வைத்துக் குழாய்களைத் தரைமட்டமாக அறுத்தார். கான்கிரீட் மட்டும் வரவில்லை. இப்போது அங்கே கரும்பு நிற்கிறது. வெட்ட வருகிறவர்கள் காலில் இடித்துக்கொண்டு நட்டவனைத் திட்டுகிறார்கள். வரப்பில் நிற்கும் அப்பா கேட்டுக்கொண்டு நிற்கிறார்.

பற்றவைக்கிற வேலை மட்டும் நிற்கவில்லை. போன மாதம் பக்கத்துத் தெருக்காரர் கேட் வாங்க வந்தார். இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கிப் பார்த்தார்.

"மாமா, இன்னா ஒட்டுங்க இது! அசையவே மாட்டேங்குது."

அப்பா உள்ளே போய்விட்டார்.