எல்லாரும் தலையாட்டினோம்

ஈப்போவில் எங்கள் கல்லூரி விரிவுரையாளர்களுக்குப் பயிற்சி. "மாணவர்களிடம் 'விளங்கியதா?' என்று கேட்காதீர்கள், சும்மா தலையாட்டுவார்கள்" என்றார் பயிற்றுநர். வேறெப்படிக் கேட்பது என்று ஒரு மணி நேரம் படம் படமாகக் காட்டினார். முடித்துவிட்டு எங்களைப் பார்த்து, "விளங்கியதா?" என்றார். எல்லாரும் தலையாட்டினோம்.

பக்கத்திலிருந்த கமலா அக்கா என் காதருகே குனிந்தார். "என்னா சொன்னாரு லா?"

"நீங்க தலையாட்டுனீங்களே அக்கா?"

"நீ ஆட்டுன, அதான் நானும் ஆட்டுனேன்."

இதே பேச்சை ஒன்பது வயதில் செமோர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் கேட்டேன். அன்று காலை வேலைக்கு ஆளெண்ணும் பெரட்டில், தோட்ட அலுவலக எழுத்தரான கிராணி ஏதோ அறிவித்து, ஆளுக்கொரு மலாய்க் கடிதம் கொடுத்திருந்தார். மத்தியானம் ரப்பர் மரம் சீவிவிட்டுக் கித்தா பால் வாடையோடு வந்த அம்மா, "கிராணி ஐயா என்னா சொன்னாரு?" என்றாள்.

"நீதான் தலையாட்டுனியே?" என்றார் அப்பா.

"நீங்க ஆட்டுனீங்க, நானும் ஆட்டுனேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். அப்பா கடிதத்தை நீட்டினார். "பள்ளிக்கூடத்துல மலாய் படிக்கிறியே, வெளங்குதா? கையெழுத்துப் போடலாமா?"

ஒரு வரியும் விளங்கவில்லை. அப்பா முகத்திலிருந்த பெருமையைப் பார்த்தேன். தலையாட்டினேன்.

அப்பா கையெழுத்துப் போட்டார். மறுமாதம் எங்கள் சாமான்களை ஏற்ற லயத்து வீட்டு வாசலில் லாரி வந்து நின்றபோதுதான், தோட்டம் விற்றுப்போனதும், வீட்டைக் காலி செய்யச் சம்மதம் என்றுதான் அப்பா கையெழுத்துப் போட்டிருந்ததும் எங்களுக்குத் தெரிந்தது.

"ஒனக்காவது வெளங்குச்சா?" பயிற்சி அறையில் கமலா அக்கா மறுபடி கேட்டார்.

தலை தானாக ஆடப் பார்த்தது. கையைத் தூக்கினேன். அறையே திரும்பிப் பார்த்தது. எதைக் கேட்பது என்றுதான் விளங்கவில்லை.