நீல வளையத்தைத் தேய்க்க மாட்டேன் என்ற நாள்

ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஒரு வேர்க்ஷொப்பில் லேத் வேலை செய்து ஓய்ந்தவன் நான். ஓய்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. துரத்தினார்கள். ஏன் துரத்தினார்கள் என்பதற்கு ஊரில் நாலு கதை உலாவுகிறது. என்னுடைய கதை இது. புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் வாசிக்கட்டும். மற்றவர்கள் நம்பினால் நம்பட்டும்.

1. சாம்பலில் புதைத்த ஷாஃப்ட்

நான் முதலில் தொழில் பழகியது நாரந்தனையில் ஒரு கொல்லுப்பட்டறையில். அங்கே ஒரு விதி உண்டு. காய்ச்சி நிமிர்த்திய இரும்பை பனங்கொட்டை ஊமல்கரிச் சாம்பலுக்குள் புதைத்து வை, ஆறுதலாக ஆறட்டும். வண்டில் அச்சுக்கும் நிலம் கிண்டுகிற அலவாங்குக்கும் அது சரியான விதிதான். பிழை விதியில் இல்லை. அதை ஸ்டெயின்லெஸ் வரைக்கும் கொண்டுபோன என் மண்டையில்தான் பிழை.

எழுவைதீவுக்குப் படகு ஓட்டுகிறவர் தேவராசா அண்ணை. எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்குப் போகிற ஸ்டெயின்லெஸ் தண்டு, அதுதான் ஷாஃப்ட், கல்லில் அடிபட்டு வளைந்து என்னிடம் வந்தது. காஸ் அடித்துச் சிவக்கக் காய்ச்சினேன். நிமிர்த்தினேன். ஒரு பகல் முழுக்கச் சாம்பலில் வைத்தேன். காய்ச்சிய இடத்தில் நீலமும் மஞ்சளுமாக ஒரு வளையம் விழுந்திருந்தது. எமரித் தாள் பிடித்து அதையும் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஆக்கினேன்.

"புதுசு மாதிரியெல்லோ இருக்கு!" என்றார் அண்ணை. எனக்கு உச்சி குளிர்ந்தது.

நாலு மாதம் ஓடியது. பிறகு ஒரு காலை, காற்றுக் கடுமையான நேரம், ஆட்களோடு நடுக்கடலில் வைத்து ஷாஃப்ட் முறிந்தது. படகு கல்லுப் பக்கம் இழுபட, அண்ணை நங்கூரத்தை வீசினார். கயிறு கையில் சுற்றி வலது கையில் இரண்டு விரல் போனது. ஆட்கள் தப்பினார்கள். "கடல் கேட்டது, குடுத்தன்" என்று அவர் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துக்கொண்டு திரிந்தார்.

முறிந்த துண்டு என் மேசைக்கு வந்தது. வெளியே நான் தேய்த்த பளபளப்பு அப்படியே இருந்தது. முறிந்த முகமோ சீனியைக் கொட்டியது போல மணி மணியாக இருந்தது. தொழில்நுட்பக் கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஸ்டெயின்லெஸ் துருப்பிடிக்காமல் இருப்பது குரோமியத்தால் என்றார். சிவக்கக் காய்ச்சி மெல்ல ஆறவிட்டால், உள்ளே இருக்கிற கரி, அதாவது கார்பன், அந்தக் குரோமியத்தைப் பிடித்துக்கொண்டு உலோக மணிகளின் ஓரத்தில் போய்க் குந்திவிடுமாம். ஓரத்தை ஒட்டிய இடம் குரோமியம் இல்லாமல் வெறுமையாகும். உப்புத் தண்ணீர் அந்த வழியால் நுழையும். எங்கள் தீவுகளின் பழைய கல்வீட்டுச் சுவரும் இப்படித்தான். கல்லெல்லாம் நன்றாக இருக்கும், இடையில் உள்ள சாந்து உதிர்ந்திருக்கும்.

நான் லேசில் நம்புகிற ஆள் இல்லை. ஒரே கம்பியில் மூன்று துண்டு வெட்டினேன். ஒன்றைக் காய்ச்சவில்லை. ஒன்றைச் சிவக்கக் காய்ச்சிச் சாம்பலில் ஆறவிட்டேன். மற்றதை இன்னும் கூடுதலாக, மஞ்சளாக ஒளிரும்வரை காய்ச்சி உடனே தண்ணீரில் போட்டேன். மூன்றையும் கயிற்றில் கட்டி இறங்குதுறைக்குக் கீழே கடலில் தொங்கவிட்டேன். மாதக்கணக்கில் கிடந்தன. எடுத்துச் சுத்தியலால் அடித்தபோது முறிந்தது சாம்பலில் ஆறிய துண்டு மட்டும்தான். பட்டறையில் படித்ததற்கு நேர்மாறு.

இதைத் தேவராசா அண்ணையிடம் நான் சொல்லவில்லை. வெட்கம் என்று எழுதினால் அழகாக இருக்கும். வெட்கமில்லை, பயம்.

2. "நீலத்தை மட்டும் எடுத்துவிடும்"

இரண்டு வருடம் கழிந்தது. பள்ளிப் பிள்ளைகளின் சாதாரணதரச் சோதனை தொடங்குவதற்கு முதல் நாள், அண்ணை இன்னொரு ஷாஃப்டோடு வந்து நின்றார்.

"தம்பி, திரும்பவும் வளைஞ்சு போச்சு. உமக்கு ஏன் கரைச்சல் எண்டு பட்டறையில குடுத்து நிமித்திப்போட்டன். சாம்பலுக்கதான் ஆறப் போட்டது. உம்மட முறைதான். தேய்ச்சுப் பூட்டித் தந்தாச் சரி."

என் முறை. ஷாஃப்டின் நடுவில் அதே நீல வளையம்.

முதலாளி எமரித் தாளை என் கையில் தந்தார். "நீலத்தை மட்டும் எடுத்துவிடும், நடேசு. பின்னேரம் படகு பாக்க உத்தியோகத்தர் வாறார், நீலத்தைக் கண்டால் ஓட விடமாட்டார். நாளைக்குக் காலமை எழுவைதீவுப் பிள்ளையளுக்கு இஞ்ச சோதினை. படகு ஓடவேணும்."

"ஏலாது" என்றேன்.

"என்ன ஏலாது?"

"இது முறியும், முதலாளி."

"நாளைக்கே முறியுமோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "நாளைக்கு முறியாது. எப்ப முறியும் எண்டு எனக்குத் தெரியாது."

"பிறகென்ன கதை? சோதினை முடியட்டும். புதுசு போடுவம்."

நியாயமான பேச்சுத்தான். ஆனால் ஓடுகிற ஷாஃப்டைக் கழற்றிப் புதுசு போட்ட ஒருவரை என் காலத்தில் நான் கண்டதில்லை. வேறு படகுகளுக்கும் "திருவிழா முடியட்டும்" என்றுதான் எல்லோரும் சொன்னோம்.

அண்ணையின் பக்கம் திரும்பினேன். "அண்ணை, உங்கட விரலைக் கடல் கேக்கேல்ல. நான்தான் எடுத்தனான். இதே மாதிரிக் காய்ச்சி, இதே மாதிரி நீலத்தைத் தேய்ச்சுத் தந்தனான்."

முதலாளி அந்தப் பேச்சைக் காதில் வாங்கவில்லை. "தள்ளும், நானே தேய்க்கிறன்" என்று தாளைப் பறித்தார். நான் ஷாஃப்டை இழுத்துக் கட்டிங் மெஷினில் இறுக்கினேன். நீல வளையத்தின் நடுவால் சக்கரத்தை இறக்கினேன். முதலாளி கத்தியது அந்தச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டேன். அடுத்தவன் பொருளை வெட்டியது குற்றம் என்றால் குற்றம்தான்.

இரண்டு துண்டாக விழுந்தது. அண்ணை ஒன்றை எடுத்து வெட்டு முகத்தைப் பார்த்தார். வெள்ளி மாதிரி மின்னியது.

"ஒண்டும் இல்லையே, தம்பி."

"ஓம் அண்ணை. இப்ப ஒண்டும் தெரியாது. உப்புத் தண்ணி படத்தான் தெரியும். முந்தினதும் முதல் நாள் இப்பிடித்தான் இருந்தது."

அவர் துண்டைக் கீழே வைத்தார். "விரலை விடும். ரண்டு வருசமா என்ர முகத்தைப் பாத்து எப்பிடி ஐசே தேத்தண்ணி குடிச்சனீர்?"

அவர் பிள்ளைகளை ஏற்ற மீன்பிடிப் படகுக்காரரைத் தேடி இறங்குதுறைக்குப் போய்விட்டார். பிறகு புது ஷாஃப்டை யாழ்ப்பாணத்தில் கடையச் சொல்லி எடுத்தார். என்னிடம் வரவில்லை. வரவேண்டும் என்று நான் கேட்கவும் இல்லை.

3. வேலை போன காலை

இளையவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். கடலுக்குப் போகிற ஸ்டெயின்லெஸ் வளைந்தால், காய்ச்சாமல் பிரஸ்ஸில் வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள். நேரம் எடுக்கும், எடுக்கட்டும். வெல்டிங் வரும் என்றால் கரி குறைந்த எல் கிரேட் கேட்டு வாங்குங்கள். நீல வளையத்தைக் கண்டால், எங்கே காய்ச்சியது, எப்படி ஆறியது என்று கேளுங்கள். கேட்காமல் எமரித் தாளை எடுக்காதீர்கள். உங்கள் முறை பிழை என்று தெரிந்தால் அன்றைக்கே வாயைத் திறந்து சொல்லுங்கள். நான் பொத்திக்கொண்டிருந்த இரண்டு வருடத்தில் என் பிழை அடுத்த பட்டறை வரைக்கும் போய்விட்டது.

சோதனையன்று காலை எழுவைதீவுப் பிள்ளைகளை மூன்று மீன்பிடிப் படகுகள் ஏற்றி வந்தன. சின்னப் படகுகள், பெரிய அலை. வெள்ளைச் சட்டைகள் தோள்வரை ஈரம். ஒரு பிள்ளை பாடக் கொப்பியைப் பிழிந்துகொண்டு நடந்தது. நான் வேர்க்ஷொப் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். முதலாளி என் சாப்பாட்டுப் பெட்டியைக் கொண்டுவந்து கையில் தந்தார்.

"இனி வராதையும். பாரும் நீர் செய்த வேலையை. உந்தப் பிள்ளையள் நனைஞ்சு விறைச்சுப்போய்ச் சோதினை எழுதப் போகுதுகள்."

"ஓம் முதலாளி," என்றேன். "எழுதப் போகுதுகள்."