உள்ளே: ஒருவர்

எல்லோரும் போன பிறகும், கேட்டருகே இருந்த பெஞ்சில் அந்த எவர்சில்வர் கேரியர் மட்டும் இருந்தது. மேஸ்திரியுடையது. எர்ணாவூர் ரசாயனத் தொழிற்சாலைக்குள் சாப்பாடு கொண்டுபோகக் கூடாது; காலையில் பெஞ்சில் வைத்துவிட்டுத்தான் போவார்கள்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் அந்த கேட்டின் கம்ப்யூட்டர் வருகைப் பதிவு என் பொறுப்பு. வரும்போதும் போகும்போதும் நம்பரை அழுத்தினால், பெயர் சர்வரில் ஏறிய பிறகே திரையில் பச்சை வரும். நாலு நொடி. வரிசை ரோடு வரை நீள, மேனேஜர் என்னைப் பிடித்துக் காய்ச்சினார். நான் என்ன செய்தேன்? பச்சையை உடனே காட்டிவிட்டு, பதிவைப் பின்னால் மெதுவாக நடக்கவிட்டேன். பெரிய கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பு வேறு!

ஆட்களை அனுப்பிவிட்டுக் கடைசியாகவே உள்ளே போகும் மேஸ்திரி மட்டும் நின்று கேட்டார். “எய்தினப்புறம் பச்ச காட்டுதா தம்பி, இல்ல சும்மா காட்டுதா?”

“எழுதிடும், போங்க மேஸ்திரி” என்று சிரித்தேன்.

ஒருநாள் காலை வோல்டேஜ் தடுமாறி, பதிவுகள் தேங்கி நின்றன. பச்சை மட்டும் தடங்கலில்லாமல் வந்துகொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து வாயு கசிந்து சங்கு ஊதியது. உள்ளே இருப்பவர்கள் என்று கம்ப்யூட்டரிலிருந்து நான் எடுத்த பட்டியலில் இருந்த அத்தனை பேரும் வெளியே நின்றார்கள். ஒருவர் மட்டும் கத்தினார்: “மேஸ்திரி உள்ளதான் கீறாரு சார்! எனுக்குப் பின்னாலதான் வந்தாரு!”

“லிஸ்ட்ல பேரே இல்லப்பா. டீ குடிக்கப் போயிருப்பாரு” என்றேன். பாவி, நான்தான் சொன்னேன். தீயணைப்புக்காரர்கள் என் காகிதத்தை நம்பி வெளியிலேயே நின்றார்கள்.

வெகுநேரம் கழித்து அவரைத் தூக்கி வந்தார்கள். மூச்சில்லை. கேட்டைத் தாண்டும்போது திரை தானாக அசைந்தது. தேங்கியிருந்த பதிவு அப்போதுதான் ஏறியது. மேஸ்திரியின் பெயர், பக்கத்தில், ‘உள்ளே’.

இன்று என் புரோகிராம்களில் பதிவு முடியாமல் பதில் வராது. “ரெண்டு செகண்டு எதுக்கு சார் வெயிட் பண்ணணும்?” என்கிறார்கள் கூட வேலை செய்பவர்கள். காத்திருக்கட்டும். எனக்கு அந்தச் சாயங்காலம்தான் கண்ணில் நிற்கிறது.

கேரியரை எடுக்க அவர் மனைவி வந்தார். “அவுரு வந்ததே உன் பொட்டிக்குத் தெரியலியாமே. இப்பவாவது தெரியுதா?”

திரையை அவர் பக்கம் திருப்பினேன். உள்ளே: ஒருவர்.

அதைப் படித்தவர், திறக்காத கேரியரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சொன்னார்:

“அப்ப கூப்டு.”