பின்னால் நடந்தவர்

பதிப்பகத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் கால்நடை. முகத்துக்கு நேராக யாரும் சொல்வதில்லை. சொன்னாலும் அவர் கோபித்துக்கொள்கிற ஆள் இல்லை. ஆற்றங்கரை, கால்வாய்க்கரை, மதில் சூழ்ந்த பழைய கிராமம் என்று தேடிப் போய் நடந்து, அந்த நடைக்கு வழி எழுதிக் கொடுப்பதுதான் அவர் பிழைப்பு. மலையேறுகிற சூரர்களுக்காக அல்ல. மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள், சாப்பிட்டது செரித்தால் போதும் என்று கிளம்புகிறவர்கள், இவர்களுக்காக. சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்னப் புத்தகங்கள். அட்டையில் 'சுலபமான நடைகள்' என்று போட்டிருக்கும். சுலபம் என்று போட்டுவிட்டு முள்வேலி தாண்ட வைத்தால் வாசகர் சும்மா விடுவாரா? அதனால் அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு வேலை பார்த்தார்.

எழுதுவதுகூடப் பெரிய பாடு இல்லை. எழுதியதைச் சோதிப்பதுதான் பாடு. எழுதியவரே நடந்து பார்த்தால் பிழை தெரியாது. தாளைப் பார்ப்பதற்குள் கால் தானாகத் திரும்பிவிடும். ஆகவே அந்த இடத்துக்கே போயிராத ஒருவர் கையில் தாளைக் கொடுத்து முன்னால் விட வேண்டும். எழுதியவர் பின்னால் போக வேண்டும். வாயைத் திறக்கக் கூடாது. இருமக்கூடக் கூடாது, இருமலிலும் ஜாடை இருக்கும் என்பார். முன்னால் போகிறவர் தப்பான பக்கம் திரும்பினால் தானும் தப்பாகவே பின்னால் போய், எந்த வார்த்தை காலை வாரிவிட்டது என்று பார்க்க வேண்டும். நடந்தவரைக் குறை சொல்லவே கூடாது. வழி தவறினால் எழுதியவர் தவறு. அது அவருடைய சட்டம், பிடிவாதம், கொஞ்சம் தற்பெருமையும்கூட.

முன்னால் நடந்தது அவர் மனைவி.

கல்யாணமான புதிதில் விளையாட்டாக ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. வாரம் முழுக்க அவர் தனியாகப் போய் அலைந்துவிட்டு வருவார். முன்னறை மேசையில் வரைபடங்களைப் பரப்பி எழுதுவார். கதவருகே பழைய செய்தித்தாள் மேல் சேற்றுச் செருப்புகள் காயும், நாற்காலி முதுகில் காலுறைகள் தொங்கும், அவள் முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போடுவாள். வார இறுதியில் இருவரும் பேருந்து ஏறிப் போய் இறங்குவார்கள். தாள் அவள் கைக்குப் போகும். அவர் ஊமையாகிவிடுவார்.

"மத்த வீட்டுல எல்லாம் புருஷனும் பொண்டாட்டியும் கையைக் கோத்துக்கிட்டு நடக்கிறாங்க. எனக்கு மட்டும் பின்னாடியே ஒரு போலீஸ்காரர் வர்றாரு," என்பாள் காற்றைப் பார்த்து. பதில் வராது என்று தெரிந்தே சொல்வாள். வாத்துகளோடு பேசுவாள். இடிந்த மதிலில் முளைத்த செடிக்காக நிற்பாள். கல்பாலத்தின் மேலிருந்து எட்டிப் பார்த்து, தனக்குத் தானே சிரித்துக்கொள்வாள். அவர் அவள் காலையும் தன் கையிலிருந்த தாளின் நகலையும் மட்டும் பார்ப்பார். நடை முடிகிற இடத்தில் ஏதாவது ஒரு மேடையில் உட்கார்ந்து, பிளாஸ்கைத் திறந்து தேநீர் ஊற்றிய பிறகுதான் அவருக்கு வாய் திறக்கும். அந்தத் தேநீருக்காகத்தான் வருகிறேன் என்பாள். உண்மையில் அவளுக்கு அந்த நாள்தான் வாரத்திலேயே நாள்.

முதல் தவறு ஒரு பழைய மாவு ஆலைக் கிராமத்துக்குப் பக்கத்தில் நடந்தது. ஆற்றை ஒட்டிப் போகிற பாதையில், இடது பக்க வேலியில் ஒரு சின்னக் கேட். அதில் திரும்ப வேண்டும். அவள் அதைத் தாண்டி விறுவிறுவென்று போய்ச் சதுப்பில் கால் புதைந்து நின்றாள். சட்டப்படி அவரும் பின்னாலேயே போய்ப் புதைந்தார்.

"கேட்டா? எங்கங்க கேட்டு? நீங்க எழுதுனது சரியில்லை."

"ஆமா, என் தப்புதான். மாத்திடறேன்."

வீட்டுக்கு வந்து, 'இடப்பக்கம் கேட்' என்றிருந்ததை 'இடப்பக்கம், இரண்டு பெரிய மரங்களுக்கு நடுவே பச்சைக் கேட்' என்று மாற்றினார். அடுத்த மாதம் ஒரு கால்வாய்க்கரையில் கைகாட்டிப் பலகையை விட்டுவிட்டாள். 'பலகை' என்று மட்டும் எழுதியது என் தப்புதான், மாத்திடறேன். அப்புறம் கோட்டை வாசலில் படி தடுக்கியது. படி உண்டு என்று எழுதவில்லையே, என் தப்புதான். அவர் எழுத்து வளர்ந்துகொண்டே போனது. வேலி முடிகிறவரை வேலியைத் தொட்டபடி நட, காற்றில் ஆலைச் சத்தம் கேட்கும்போது மெதுவாகத் திரும்பு, காலடியில் மண் போய்க் கல் வரும், அங்கே நில். அந்தப் பக்குவத்தில் அவருக்கே ஒரு போதை வந்துவிட்டது. இத்தனை வருஷமாக அரைகுறையாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

பதிப்பாளருக்குத் தலைகால் புரியவில்லை. புத்தகம் கேட்டு ஆட்கள் வருகிறார்கள். "ஐயா, என்னமா எழுதுறீங்க இப்ப! கண்ணைக் கட்டி விட்டாக்கூடப் போய்ச் சேர்ந்துடலாம்," என்றார் ஒருநாள், அவர் தோளைத் தட்டி. அதை அவர் சூடு ஆறாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியிடம் சொன்னார். அவளும் பெருமையாகச் சிரித்தாள். சிரித்தபடி திரும்பியவள் முழங்கை பட்டு மேசையோரத்துக் கோப்பை உடைந்தது.

மேசையைச் சுவரோரமாகத் தள்ளிப் போட்டார். நிலைக்கதவில் அடிக்கடி தோளை இடித்துக்கொள்கிறாள் என்று வழியிலிருந்த அலமாரியை நகர்த்தினார். தப்பெல்லாம் மேசை மேலும் அலமாரி மேலும்தான். வெளியூரிலிருந்து மகள் போனில் சொன்னாள்.

"அப்பா, போன தடவை வந்தப்ப பக்கத்துல நின்ன என்னையே அம்மா கவனிக்கலை. ஒரு தடவை கண் டாக்டர்கிட்ட காட்டுங்கப்பா."

"அடப் போம்மா. உங்கம்மா ஒரே தடவையில ஊசியில நூல் கோக்கிறா. அவ கண்ணுக்கு என்ன கேடு?"

பொய்யில்லை. நூல் கோத்தாள். பொடி எழுத்துத் தாளை அலட்சியமாகப் படித்தாள். நேரே இருப்பதெல்லாம் அவளுக்குப் பளிச்சென்று தெரிந்தது. அவளுக்கே சந்தேகம் வரவில்லை. தெரியாமல் போனதைத் தெரியவில்லை என்று யாருக்குத் தெரியும்?

அன்று கால்வாய்க்கரை. ஊரிலேயே சுலபமான நடை, குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம். பாதை நேராக இருந்தது. இடது பக்கம் முழுக்கத் தண்ணீர். வானம் மூடிக்கிடந்தது, காற்றில்லை, வாத்துகள்கூட எங்கோ ஒதுங்கியிருந்தன. அவள் தாளைப் படித்தபடி முன்னால் போனாள். மதகுக்குப் பக்கத்தில் கரை கொஞ்சம் வளைந்து உள்வாங்கும். அங்கே அவள் நடை தண்ணீர்ப் பக்கமாகச் சாய்வதைப் பார்த்தார். ஏதோ பூவைப் பார்க்கப் போகிறாள் என்று நினைத்தார். இன்னும் சாய்ந்தது. வாய்வரை வந்த வார்த்தையை, இத்தனை வருஷப் பழக்கம், விழுங்கினார்.

அவள் நேராக நடந்து கால்வாய்க்குள் போனாள்.

இடுப்பளவுத் தண்ணீர்தான். அவரும் குதித்து, சேற்றில் தடுமாறி, அவளைத் தூக்கிக் கரையில் உட்கார வைத்தார். தாள் தண்ணீரில் மிதந்து போயிற்று. அவள் உடம்பெல்லாம் நடுங்கிற்று. முகத்தில் பயத்தைவிடத் திகைப்புதான் அதிகம் இருந்தது.

"தண்ணி எங்கேயிருந்துங்க வந்துச்சு?" என்றாள்.

அவ்வளவு நேரமும் அதை ஒட்டியேதான் நடந்து வந்திருந்தாள். அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் தப்புதான் என்று சொல்ல வாயெடுத்தார். எந்த வார்த்தையை மாற்றுவது என்று தெரியவில்லை.

கண் மருத்துவமனையில் ஜன்னலில்லாத சின்ன அறை. டாக்டரம்மா பொறுமையானவர். மனைவியை எதிரே உட்கார வைத்து, "என் மூக்கையே பாருங்கம்மா. பக்கத்துல விரல் வரும். தெரிஞ்ச உடனே சொல்லுங்க," என்றார். கணவருக்கு, மனைவியின் பின்னால் சற்று ஓரமாக, ஒரு முக்காலியைக் காட்டினார்கள். இங்கேயும் பின்னால்தான். இங்கேயும் பேசக் கூடாது.

டாக்டரின் விரல் மனைவியின் காதுப் பக்கமிருந்து கிளம்பியது. அவருக்கு அது தெளிவாகத் தெரிந்தது. இதோ, சொல்லும்மா. விரல் கன்னத்துக்கு வந்தது. அவள் அமைதியாக மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரல் கண்ணோரத்தைத் தாண்டியது. அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கைகளாலும் முக்காலியைப் பிடித்துக்கொண்டார். கிட்டத்தட்ட மூக்குக்கு நேராக வந்த பிறகு, "ஆங், தெரியுது," என்றாள் மனைவி, பரீட்சையில் சரியாகச் சொன்ன பிள்ளையைப் போல.

கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, ஓரத்துப் பார்வையை வலியே இல்லாமல் தின்றுகொண்டு வருகிற நோய் என்றார் டாக்டர். இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம், போனது போனதுதான். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்டார். மனைவி உதட்டைப் பிதுக்கினாள். அவர் சொன்னார். ஆலைக் கிராமத்துக் கேட், கால்வாய்ப் பலகை, கோட்டைப் படி, கோப்பை, நிலைக்கதவு. எது எப்போது, எந்தப் பக்கம் என்று ஒன்றுவிடாமல் சொன்னார்.

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். "இவ்வளவு கவனிச்சிருக்கீங்களே சார். அப்பவே கூட்டிட்டு வந்திருந்தா பாதிக்கு மேல மிஞ்சியிருக்குமே."

திட்டவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை. மனைவி அவர் சட்டையைத் தேடிப் பிடித்து இழுத்து, "விடுங்க, நானும் கவனிக்கலையே," என்றாள். அவருக்கு அது இன்னும் மோசமாக இருந்தது.

அப்புறம் அவர் வழி எழுதவில்லை. பதிப்பாளர் வீடு தேடி வந்து, "ஐயா, அடுத்த புத்தகம்?" என்று கேட்டுக் கையைப் பிசைந்தார். முன்னறை மேசை காலியாகக் கிடந்தது. வரைபடங்கள் சுருட்டிக் கட்டிலுக்கடியில் போய்விட்டன. அவர் நாள் தவறாமல் சொட்டு மருந்து விட்டார். மற்ற நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவிக்குத்தான் பொறுக்கவில்லை.

"எனக்குக் கண்ணுதான் போச்சு. உங்களுக்குக் காலும் போச்சா? ஆலைக் கிராமத்துக்குப் போலாம் வாங்க. தாளைக் கொடுங்க, நான்தான் முன்னாடி. நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

எவ்வளவோ மறுத்தார், கேட்கவில்லை. போனார்கள். தூறலாக இருந்தது. வழியில் யாருமில்லை. அவள் தாளை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள். அவர் வழக்கம்போல எட்டி நிற்காமல், ஆற்றுப் பக்கமாக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் வந்தார். இரண்டு பெரிய மரங்கள் வந்தன. நடுவில் பச்சைக் கேட், மழையில் கழுவி விட்டது போல இருந்தது. குழந்தைகூட விடாது. அவள் அதைத் தாண்டிப் போனாள்.

கொஞ்ச தூரம் போய் நின்றாள். தலையை இங்கும் அங்கும் திருப்பிப் பார்த்தாள். தாண்டிவிட்டோம் என்று அவளுக்கே புரிந்துவிட்டது. ஒரு கணம் உதடு துடித்தது. உடனே சமாளித்துக்கொண்டு, பழைய குரலில், பழைய கிண்டலோடு சொன்னாள்.

"கேட்டா? எங்கங்க கேட்டு? நீங்க எழுதுனது சரியில்லை."

"ஆமா," என்றார். "என் தப்புதான்."

'மாத்திடறேன்' என்ற மற்ற வார்த்தை வரவில்லை. அவள் அதற்காகத் தூறலில் காத்து நின்றாள். அவர் அழுகிறார் என்று தெரிந்ததும், அவரைப் பிடித்துக்கொள்ளக் கையை நீட்டினாள். அவர் இல்லாத பக்கம் நீட்டினாள்.

அவர் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய் அதைப் பிடித்துக்கொண்டார்.