மூன்று அங்குல உயரத்தில் ஒரு தெரு

இந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ரயிலேறினால் பையன்கள் என்னைவிட உயரமாக இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் அதே பையன்கள் என் காதளவுக்கு வந்துவிடுகிறார்கள். ஒசாகாவுக்கு வந்த புதிதில் இந்தக் கணக்கு எனக்குப் பிடிபடவே இல்லை. பிறகுதான் பாதங்களைப் பார்த்தேன். கறுப்புப் பூட்ஸ், நாலு அங்குலக் குதிகால், கண்ணுக்கு மை, சிலிர்த்து நிற்கும் தலைமுடி. பக்கத்துப் பெரியவர்கள் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. நான் ஒருவன்தான் வாய் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு நாள் ஒரு பையன் என்னைக் கண்டுபிடித்துவிட்டான். முறைக்கவில்லை, காலைத் தூக்கிக் காட்டி என்னவோ கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானிய மொழியில் ‘வதாஷி மோ’, அதாவது ‘நானும்’ என்றேன். நானும் ஒரு காலத்தில் போட்டவன்தான் என்று சொல்ல நினைத்தேன். அவனோ எனக்கும் ஆசை வந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, சிகரெட் அட்டையைக் கிழித்து, ஷின்சாய்பாஷியில் உள்ள கடைக்கு வழி வரைந்து கொடுத்தான். முன்தலை வழுக்கை விழுந்து, நூல் மில் எந்திரத்துக்கு உதிரிபாகம் கடைந்து பிழைக்கிற ஆளுக்கு இது தேவைதானா! குனிந்து நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். ரயில் பாலத்தில் ஏறியது. கீழே ஓடுவது யோடோ ஆறா, ஜேடர்பாளையம் அணைக்கட்டுத் தண்ணீரா என்று கொஞ்ச நேரம் எனக்கே தெரியவில்லை.

எழுபதுகளின் நடுவில் நானும் தங்கவேலுவும் சேலத்தில் டிப்ளமோ படித்தோம். இரண்டு பேரும் அணைக்கட்டுக்குப் பக்கத்தில் ஒரே ஊர். அவன் ஊரின் பெரிய பண்ணைக்காரரின் ஒரே மகன். என் அப்பா சின்னான் அந்தப் பண்ணையின் வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்தார். சேலத்தில் அதெல்லாம் யாருக்குத் தெரியும்? ஹாஸ்டலில் ஒரே அறை, ஒரே சீப்பு. ஒரு நாள் கடைத்தெருவில் கண்ணாடிக்குப் பின்னால் அந்த பூட்ஸைப் பார்த்தோம். சாக்லேட் நிறம், பக்கவாட்டில் ஜிப், மூன்று அங்குல ஹீல்ஸ். ஒரே மாதிரி இரண்டு ஜோடி வாங்கினோம். பெல்பாட்டம் தைக்கப் போனபோது டெய்லர், “ஹீல்ஸைப் போட்டு நில்லுங்க தம்பி, அப்பத்தான் அளவு சரியா வரும்” என்றார். மேசைமேல் ஏறி நின்று அளவு கொடுத்தோம். சாயங்காலம் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் நடப்போம். வீட்டு வாசல்களில் போகன்வில்லா, எங்கோ ஒரு ரேடியோ, எங்கள் நான்கு குதிகால்களின் சத்தம். பின்னாலிருந்து பார்த்தால் எவன் பண்ணைக்காரர் மகன், எவன் கொடிக்கால்காரர் மகன் என்று கண்டுபிடிக்க முடியாது. அந்தச் சாயங்காலங்களில் கால் தரையில் பட்டதாகவே எனக்கு நினைவில்லை.

சனிக்கிழமை பஸ்ஸில் ஊருக்கு வருவோம். வாய்க்கால் பாலத்தில் இறங்கியதும் நான் குனிந்து ஜிப்பை இழுப்பேன். எங்கள் வீடுகளுக்குப் போக ஊர்த்தெருவைக் கடக்கவேண்டும். எங்கள் ஆட்கள் அந்தத் தெருவில் செருப்புக் காலோடு நடப்பதில்லை. யாரும் எனக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. தாகமெடுத்தால் தண்ணீர் குடிப்பது மாதிரி அது தெரியும். பூட்ஸைப் பைக்குள் வைத்துவிட்டுப் பெல்பாட்டத்தை முழங்கால் வரை சுருட்டுவேன். என்னைவிட மூன்று அங்குலம் உயரமான ஒருவனுக்குத் தைத்த பேண்ட் அது, சுருட்டாவிட்டால் தெருவைப் பெருக்கும். நான் சுருட்டி முடிக்கும் வரை தங்கவேலு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நிற்பான். சேலத்தில் அவனை ‘வாடா’ என்பவன், பாலம் தாண்டியதும் ‘வாங்க’ என்பேன். அவனும் அதற்குத் திரும்பிப் பார்ப்பான். இதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

அவனுடைய அக்கா கல்யாணத்துக்கு முந்தின வாரம், ஹாஸ்டல் அறையில் படுத்துக்கொண்டே, “நீயும் ஹீல்ஸ் போட்டுக்கிட்டு வந்துருடா. பந்தல் முன்னால ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கலாம்” என்றான். விளையாட்டுக்குச் சொன்னானா, யோசித்துச் சொன்னானா என்று இன்றைக்கு வரை தெரியாது. நான் மெய்யாகவே எடுத்துக்கொண்டேன். கல்யாணத்தன்று காலை நான் ஜிப்பை மேலே இழுத்தபோது அம்மா அடுப்படியிலிருந்து ஓடி வந்தாள்.

“எங்கே போற சாமி இதோட?”

“கல்யாணத்துக்கு. அவனேதான் வரச்சொன்னான்.”

“அவரு சொல்லுவாரு. உங்கொப்பன் பொழப்பு அந்த ஊட்லதான் இருக்குது. வேண்டாஞ் சாமி, கழட்டு.”

நான் கழற்றவில்லை. ஊர்த்தெருவில் காலை வைத்தேன். மூன்று அங்குலம் பெரிய உயரமில்லைதான். ஆனால் பிறந்ததிலிருந்து நடந்த தெரு அது இல்லை. மதில்களுக்கு மேலாக உள்வாசல்கள் தெரிந்தன. கொடியில் காயும் மஞ்சள் சேலை, கிணற்று மேட்டில் கவிழ்த்த குடம், முருங்கைப் பூவில் மொய்க்கும் தேனீ. மேளச் சத்தம் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவது போல வந்தது. பூட்ஸ் தட்டும் ஓசை அதற்குள் தனியாகக் கேட்டது. வாசலில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். எனக்குப் பயமாக இல்லை. அப்படி ஒரு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

பந்தல் முகப்பில் தங்கவேலு பன்னீர் தெளித்துக்கொண்டிருந்தான். காலில் அதே சாக்லேட் நிற பூட்ஸ். பக்கத்து நாற்காலியில் அவன் அப்பா. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

“இது நம்ம சின்னான் பையனாட்டம் இருக்குது. நல்லா ஒசந்துட்டானாட்டம்.” குரலில் கோபமே இல்லை. ஓரத்தில் வண்டி மாடுகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த என் அப்பாவின் பக்கம் திரும்பினார். “சின்னா, நாளைக்கு நீ கொடிக்காலுக்கு வர்றியா? இல்லை, பையன் சம்பாத்தியத்துல ஊட்லயே உக்காந்துக்கிறியா?”

“வாரேனுங்க சாமி, வாரேனுங்க” என்றார் அப்பா. குடம் கையிலேயே இருந்தது.

தங்கவேலு பன்னீர்ச் செம்பை வைத்துவிட்டு என்னிடம் வந்தான். அடித்தொண்டையில், “இன்னிக்கு ஒரு நாளைக்குக் கழட்டிருடா. அக்கா கல்யாணம்” என்றான். நான் அவன் காலைப் பார்த்தேன். அவனும் தன் காலைப் பார்த்தான். பிறகு குனிந்து, இரண்டு ஜிப்பையும் இழுத்து, பூட்ஸை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். பேண்ட்டைச் சுருட்டக்கூடத் தோன்றவில்லை. புழுதியை இழுத்துக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன்.

இரண்டு நாள் கழித்து அப்பா பூட்ஸைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். “சின்னப் பண்ணைக்காரரு அவரே பாலீஷ் போட்டுக் குடுத்தாரு சாமி. சேலத்துல போட்டுக்க. ஊருக்குள்ளார மட்டும் வேண்டாம்.” நான் அதை மறுபடி போடவில்லை. ஹாஸ்டலில் வேறு அறைக்கு மாறினேன். படிப்பு முடிந்ததும் பம்பாயில் ஒரு மில், அங்கே எந்திரம் பூட்ட வந்த ஜப்பான்காரர் ஒருவரின் சிநேகம், அப்படியே ஒசாகா. அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. என் கடிதங்களை அவருக்குப் படித்துக் காட்டுவதும், அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவதும் தங்கவேலுதான். கையெழுத்தைப் பார்த்த முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் அவனை விசாரித்ததில்லை. அவனும் தன்னைப் பற்றி ஒரு வரி சேர்த்ததில்லை. பத்து வருஷத்துக் கடிதங்கள் இப்படியே போய் வந்தன.

இந்த வருஷப் பிறப்புக்குப் பட்டறை முதலாளி என்னைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டார். பழைய சந்து, இரண்டு பக்கமும் மர வீடுகள், மெல்லிய பனி. பாதித் தெரு நடந்த பிறகுதான் கவனித்தேன், என் ஷூ இரண்டும் என் கையில் இருந்தன. முதலாளி வீட்டுத் தெரு என்றதும் முனையிலேயே கழற்றியிருக்கிறேன். யோசித்துச் செய்ததில்லை. வாசலில் காத்திருந்த முதலாளி ஈரக் காலுறையோடு வரும் என்னைப் பார்த்துப் பதறி ஓடி வந்தார். “இதாய்? இதாய்?” வலிக்கிறதா என்று கேட்கிறார். ஷூவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். இங்கே வாசற்படிக்கு உட்புறம் ‘கெங்கான்’ என்று ஒரு இடம் உண்டு. யாராக இருந்தாலும் அங்கேதான் கழற்றவேண்டும். முதலாளி தன்னுடையதையும் அங்கேயே கழற்றினார். பிறகு மண்டியிட்டு, என் ஷூவைத் திரும்பிப் போகும்போது போட்டுக்கொள்ள வசதியாகத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தார். வந்தவர்களுக்கெல்லாம் செய்கிற காரியம்தான் அது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வலி தாங்காமல் அழுகிறேன் என்று அவர் மனைவி மருந்துப் பெட்டியோடு வந்தார். விளக்கிச் சொல்ல என்னிடம் மொழி இல்லை. நல்லாயிருந்த குதிகாலில் அந்த அம்மாள் பிளாஸ்திரி ஒட்டும் வரை காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அன்றைக்கே அப்பாவுக்கு எழுதினேன். யார் வாயால் படிக்கப்படும் என்று தெரிந்தேதான் ஒன்று விடாமல் எழுதினேன். முதலாளி மண்டியிட்டதை இரண்டு தடவை எழுதினேன். ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. “சாமி, பெரிய மனுசரை நம்ம செருப்பை எடுக்க உடாதே. பனியில வெறுங்காலோட நடக்காதே.” அதற்குக் கீழே, அதே கையெழுத்தில்: “இது வரைக்கும் உங்கப்பா சொன்னது. கடுதாசியை மறுக்கா படிக்கச் சொன்னாரு. உன் முதலாளி மண்டி போட்ட இடத்துக்கு மேல என்னால படிக்க முடியலடா. ஊருக்கு வந்தா ஷூவோடயே வா. பாலத்துல நான் நிக்கிறேன்.”

இன்னும் பதில் எழுதவில்லை. முதலாளி வீட்டுக்கு மாதம் ஒரு தரம் போகிறேன். இப்போதெல்லாம் வாசல் வரைக்கும் ஷூவோடுதான் போவது என்று வைத்திருக்கிறேன். ஆனால் தெருமுனை வந்ததும் குதிகால் தானாக வெளியே வந்துவிடுகிறது. விரல்கள் உள்ளேயும் குதிகால் வெளியேயுமாக, ஷூவின் பின்பக்கத்தை மிதித்துக்கொண்டே மீதித் தெருவை நடந்து முடிக்கிறேன்.